சூடு போகிற இடம்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் முதுகில் முட்டை வெந்தது ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு. மஞ்சள் கரு கொஞ்சம் கூடுதலாக இறுகிவிட்டது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குப்புறப் படுத்திருந்தவரின் முதுகில் தகரத் தட்டை வைத்து முட்டையை உடைத்து ஊற்றியவர் அவருடைய மாமனாரின் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு ஓய்வு பெற்றவர். சூடு என்று ஒன்று சும்மா வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காதவர். அதற்கு முந்தின வாரமே மெக்கானிக்கின் தோளில் தலையணை உறைகளை விரித்துச் சுருக்கம் எடுக்கத் தொடங்கியிருந்தார். வீட்டில் இதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் ஏதோ ஒரு விதத்தில் உபயோகப்பட்டால் சரி என்று இருந்துவிட்டார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த வீட்டின் நோட்டைப் பற்றித் தெரிய வேண்டும். அட்டை பிய்ந்து, நூல் போட்டுத் தைத்த கனமான நோட்டு. நான்கு தலைமுறையின் கை வைத்தியம் அதில் இருந்தது. இருமலுக்கு, வெங்காயத்தை நறுக்கித் தேனில் ஊறவைத்த சாறு. காதுவலிக்கு, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். விக்கலுக்கு, தெருவில் இறங்கி முன்பின் தெரியாத ஒருவரைத் திட்டிவிட்டு வருவது. நோட்டின் காவலர் மாமனார். ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரார் கடிதங்களைப் பிரிக்காமலே கொடுத்துப் பழகியவர் என்பதால் நோட்டில் எழுதியிருப்பதையும் பிரித்துப் பார்க்காமலே நம்பினார். கோடை வந்ததும் நோட்டின் மற்றப் பக்கங்களுக்கு விடுமுறை. எல்லா வியாதியும் சூடுதான், எல்லாச் சூட்டுக்கும் ஒரே மருந்து, அது கோடைத் தண்ணீர்.

கோடைத் தண்ணீரில் ரகசியம் எதுவும் கிடையாது. பார்லியைக் குழைய வேகவைத்து வடிகட்ட வேண்டும். அது ஆறியதும் வெள்ளரிக்காயைத் தோலோடு துருவிப் பிழிந்த சாறு, இரண்டு எலுமிச்சை, கசக்கிய புதினா, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் தேன். ஐஸ் போடக் கூடாது. போட்டால் தொண்டை போய்விடும் என்று நோட்டில் சிவப்பு மையில் இருந்தது. அதனால் அதை மண் கூஜாவில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி, காற்று வரும் ஜன்னலில் வைப்பார்கள். துணியிலிருந்து காய்கிற ஈரம் கூஜாவின் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். பத்து மணிக்குக் கூஜாவைத் தொட்டால் விரல் சிலிர்க்கும். ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை மாப்பிள்ளையாக எடுத்த வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

கல்யாணமான முதல் கோடையில் மாமனார் ஒரு டம்ளரை நீட்டியபோது மெக்கானிக் வாங்கிக் குடித்திருந்தால் கதையே இல்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார். "மாமா, இது உடம்புச் சூட்டை எடுக்குதுன்னா, எடுத்த சூடு எங்க போகுது?" குசும்புக்காகக் கேட்கவில்லை. அவர் தொழிலே அந்தக் கேள்விதான். ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கருப்புக் கம்பி வலையில் கொட்டுகிறது, அதனால்தான் பின்பக்கம் சுடுகிறது, அதனால்தான் அதைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்று பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாகச் சொல்லிவந்தவர். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் படியிறங்கியதும் ஃபிரிட்ஜைச் சுவரோடு தள்ளி வைத்தார்கள்.

அந்த வீட்டில் நான்கு தலைமுறையாக யாரும் இப்படிக் கேட்டதில்லை. மாமனார், "போகுது, போகட்டும். அது எங்க போனா நமக்கென்ன?" என்றார். பதில் கிடைத்ததும் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் டீ போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் நான்கு பேர் குடித்தார்கள்: மாமனார், அவருடைய அக்கா, தையல் வேலை செய்கிற மனைவி, பஸ் கண்டக்டரான மச்சான். குடிக்காதவர் ஒருவர்.

நான்கு பேரும் குளுகுளு என்று ஆனார்கள். உச்சி வெயிலிலும் மனைவியின் ஊசி பிடிக்கிற விரல்களில் வியர்வை கிடையாது. மச்சான் நெரிசலான பஸ்ஸில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, குளித்துவிட்டு வந்தவர் போல இறங்கினார். மெக்கானிக்கின் சட்டைப்பையில் சீப்பு வளைந்தது. இரண்டாவது கோடையில் அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி மெதுவாகத் தரையோடு சம்மணம் போட்டது. டாக்டர் வாயில் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. டாக்டர் புது தெர்மாமீட்டரை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மெக்கானிக்குக்கு வலி எதுவும் இல்லை. ஆனால் அவர் பழுது பார்க்கக் குனிந்த ஃபிரிட்ஜ்களில் ஐஸ் கட்டி உருகி ஓடியது. வாடிக்கையாளர்கள் அவரை வாசலிலேயே நிறுத்தி, பழுது பார்க்கிற வழியை மட்டும் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மாமனாரிடம் இதற்கெல்லாம் விளக்கம் தயாராக இருந்தது. "குடிக்காதவனுக்குச் சூடு ஏறும். இதுல என்ன அதிசயம்?" குடும்பப் போட்டோவில் அவருடைய சித்தப்பா ஒருவர் கழுத்தளவு தண்ணீரில், கொல்லைத் தொட்டிக்குள் நின்றபடி சிரித்துக்கொண்டிருப்பார். வாலிபம் முழுக்கக் கோடையெல்லாம் அந்தத் தொட்டியிலேயே கழித்தவர். அவருக்கு மீன்கள் என்றால் உயிர் என்று வீட்டில் சொல்லிவந்தார்கள். தொட்டியில் மீன் எதுவும் இருந்ததில்லை.

மூன்றாவது கோடையின் ஆரம்பத்தில் பெண் குழந்தை பிறந்தது. முட்டை வெந்ததும் அந்த மாதம்தான். மாமனாரின் அக்கா சாக்பீஸ் எடுத்துக் கூடத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். தொட்டில் அந்தப் பக்கம், மெக்கானிக் இந்தப் பக்கம். அவர் பக்கத்தில் வெறும் சிமெண்ட் தரை. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கோட்டின் ஓரத்தில் உட்காருவார். கழுவின ஈரம் அவர் உட்காருவதற்குள் ஆவியாகியிருக்கும். மனைவி குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். மூக்கு யார் மாதிரி என்று இரண்டு பேரும் ஆறடி தூரத்தில் பேசிக்கொள்வார்கள். இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஊர் உலகத்தில் எல்லாரும் தூக்கிவிட்டார்கள், பால்காரர்கூட ஒரு தடவை தூக்கிவிட்டார். பெற்றவர் மட்டும் தூக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக், மாமனார் முன் போய் நின்று, "ஒரு டம்ளர் குடுங்க மாமா," என்றார்.

மாமனார் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டம்ளரைத் தட்டில் வைத்து, ராஜதூதர் மாதிரி கொண்டுவந்தார். "கேள்வி என்னாச்சு மாப்பிள்ளை? பதில் வேண்டாமா?"

"வேண்டாம் மாமா. புள்ளையத் தூக்கணும்."

ஒரே மூச்சில் குடித்தார். நன்றாகவே இருந்தது, புதினா மட்டும் கொஞ்சம் தூக்கல். உச்சந்தலையிலிருந்து ஒரு குளிர்ச்சி படிப்படியாக இறங்கிக் கணுக்காலுக்கு வந்தது. மாமனாரின் அக்கா அவர் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் வருத்தத்தோடு, "ஆறிப்போச்சு," என்றார். மெக்கானிக் கோட்டைத் தாண்டினார். குழந்தையை வாங்கினார். இரண்டு கையிலும் எடை இறங்கியது. கம்ப்ரஸரைத் தூக்குவது போல அடியில் ஒரு கையும் பக்கத்தில் ஒரு கையும் கொடுத்திருக்கிறார் என்று மச்சான் கேலி செய்தார்.

கால் மணி நேரம் கழித்துக் குழந்தையின் இடுப்பில் இருந்த ஈரத் துணி அவர் கையிலேயே காய்ந்தது. அப்புறம் கன்னம் சிவந்தது. அப்புறம் அழுதது, கண்ணீர் பாதிக் கன்னம் வருவதற்குள் வற்றிப்போனது. மெக்கானிக் தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. வீட்டில் எல்லாப் பெரியவர்களும் குடித்தாகிவிட்டது. குடிக்காதவர் என்று இப்போது ஒரே ஓர் ஆள்தான் பாக்கி. இதுநாள் வரை சூடு குழந்தையை விட்டுவைத்திருந்தது, பெரிய உடம்பு ஒன்று கையெட்டும் தூரத்தில் கிடைத்ததால்தான். அந்த அளவுக்காவது அதற்கு மரியாதை தெரிந்திருந்தது. அவர் மூன்று வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் கையில் இருந்து அழுதுகொண்டிருந்தது.

குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்கு ஓடி, டீயைக் கொதிக்கக் கொதிக்க நின்றபடியே நான்கு டம்ளர் குடித்தார். மூன்றாவது டம்ளரில் சூடு, பழகின வீட்டுக்கு நாய் திரும்புவது போல, அவரிடம் வந்து சேர்ந்தது. நான்காவதில் குழந்தை அழுகையை நிறுத்திக் கொட்டாவி விட்டது.

"மாமா, தெரிஞ்சுபோச்சு. நீங்க நாலு பேரும் குடிக்கிறது என் மேல வருது. நான் குடிச்சா புள்ள மேல போகுது. இந்த ஒரு கோடைக்கு நிறுத்திவைங்க."

"குழந்தைக்குப் பல்லு முளைக்குது," என்றார் மாமனார். "அதான் சூடு."

"ரெண்டு மாசத்துலயா?" என்று மச்சான் கேட்டார்.

"நம்ம வம்சத்துல சீக்கிரம் முளைக்கும். நாலு தலைமுறையா கொடுக்கிற மருந்துடா இது. இன்னிக்கு வந்தவர் சொன்னார்னு நிறுத்தணுமா?"

மெக்கானிக் சாக்பீஸை எடுத்து, பழைய கோட்டுக்கு ஓரடி பின்னால், தன் பக்கமாக, இன்னொரு கோடு கிழித்துவிட்டு அதற்கு அப்பால் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். இனிமேல் குடிப்பதில்லை என்று அதற்கு அர்த்தம். முதல் கோடையில் குடிக்காமல் இருந்ததற்கு வீம்பு காரணம் என்று சொல்லலாம். இதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவர் மனைவி அந்த இரண்டாவது கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் தன் டம்ளரோடு ஜன்னல் பக்கம் போனாள். ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி, முழங்கால் உயர எலுமிச்சை, மூன்று வருஷமாகக் காய்ப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. டம்ளரை அதில் சாய்த்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அன்று மாலை அவள் கைபட்ட நூல்கண்டு இளஞ்சூடாக இருந்தது. மச்சான் நெரிசலில் பிழைப்பு நடத்துகிறவர். எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் இன்னொருவருக்கு இடம் வரும் என்பதைத் தினமும் அறுநூறு தடவை கத்துகிறவர். புதன்கிழமை அவர் டம்ளரும் தொட்டிக்குப் போனது. மாமனாரின் அக்கா மட்டும் வெள்ளிக்கிழமை வரை பொறுத்தார். அன்று காலை முட்டை சரியாக வேகாததைப் பார்த்தார், தன் மகளைப் போல வளர்த்த தம்பி மகளின் முகத்தில் வியர்வையைப் பார்த்தார், சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். "சித்தப்பாவுக்கு மீனே பிடிக்காது," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. டம்ளர்களை மட்டும் வழக்கம்போல வரிசையாகக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

கணக்கு மெக்கானிக்குக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான்கு பேரின் சூட்டை ஒருவர் சுமந்தால் முட்டை வேகும். ஒருவரின் சூட்டை நான்கு பேர் சுமந்தால், வெயில் போன பிறகு சுவரில் கை வைத்தால் இருக்குமே, அந்த அளவு. கம்பி வலை நீளமாக இருந்தால் எந்த இடத்திலும் கை சுடாது. செடியின் சூடும் இதில் சேர்த்திதான். ஆனால் ஒரு செடிக்கு எவ்வளவு சூடு இருந்துவிடப் போகிறது? சனிக்கிழமை மாமனாரின் அக்கா ஈரத் துணியோடு குனிந்து இரண்டு கோட்டையும் துடைத்தார். துடைக்கும்போது மெக்கானிக்கிடம், "காலைத் தூக்குங்க, துடைக்கணும்," என்று மட்டும் சொன்னார். குழந்தை அன்று மத்தியானம் அவர் மார்பில் குப்புறப் படுத்து மூன்று மணி நேரம் தூங்கியது. அவர் மூக்கு அரித்தபோதும் கையை எடுக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சிவந்திருந்த நான்கு முகங்களையும் மாமனார் பெருமையோடு பார்த்தார். "எல்லார் முகத்துலயும் என்ன களை பாருங்க," என்றார். பிறகு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில், மாப்பிள்ளையின் பிடிவாதச் சூடு ஒரே டம்ளரில் தீர்ந்தது என்று தேதி போட்டு எழுதினார். இதை மறுத்து எழுத அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அடுத்த கோடையில் எலுமிச்சை காய்த்தது. காய்கள் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. வெயில் ஏற ஏறக் கெட்டியானது. மாமனார் அவற்றைக் கம்பளிக் கையுறை போட்டுப் பறித்தார். தான் சொன்னபடி ஐஸ் போடாமலே தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். குழந்தைக்கு நான்கு வயதானபோது, இனிமேல் இவளும் குடிக்கலாம் என்று நோட்டைப் பார்த்துத் தீர்மானித்து, சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே நேராக ஜன்னலுக்குப் போனாள். அப்பா கூஜாவின் துணியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். அந்த வருஷம் செடியில் இருநூற்றுப் பதினொரு காய். ஒன்றில்கூடப் பனி குறையவில்லை.