நிழல்வீடு விற்பனைக்கு

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை மாவுக்கட்டு மாவில் வார்த்து, மெழுகில் இழைத்து, பொய்ப்பல் செட்டாக்கித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. வீட்டு முன்னறைதான் பட்டறை. சுவர் நெடுக அலமாரி, அலமாரி நெடுக வெள்ளைவெளேரென்று தாடைகள். "பல்லக்குல ஏற வேண்டியவ பல்லக்காவா ஆயிட்டே" என்று தம்பி கேலி செய்வான். அவன் பஸ் ஓட்டுகிறவன். கல்யாணம் ஆகவில்லை. அக்காவோடுதான் இருந்தான்.

பல்லக்காவுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. அவளுக்கு வேலை கொடுக்கும் டாக்டர் ஒருவர், தன் ஆஸ்பத்திரியின் இணையதளப் பெயரை ஒரு வருடம் புதுப்பிக்க மறந்துவிட்டார். யாரோ முகம் தெரியாத ஆள் அதைத் தட்டிக்கொண்டு போய், திருப்பித் தர வாய்க்கு வந்த விலை கேட்டான். டாக்டர் புலம்பிக்கொண்டே கொடுத்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பல்லக்காவுக்கு வேறொரு வாசல் திறந்தது. புதுப்பிக்காமல் விட்ட பெயர்களை ஏலத்தில் எடுத்து, இணையச் சந்தை ஒன்றில் விற்பனைக்குப் போட ஆரம்பித்தாள்.

நாலு வருடத்தில் அந்தச் சந்தையின் எல்லாச் சளசளப்பும் அவளுக்கு அத்துப்படி. பாதி விலைக்குக் கேட்டு, சரி என்றதும் அதிலும் பாதிக்கு இறங்குகிறவர்கள் உண்டு. ராத்தூக்கம் கெட்டு வாங்கத் துடிப்பதுபோல் பத்துச் செய்தி அனுப்பிவிட்டு, பதினோராவதில் காணாமல் போகிறவர்கள் உண்டு. வாங்குகிறவர் யாரென்று விற்கிறவளுக்குத் தெரியாது. விற்று முடியும்வரை திரையில் ஒரு எண் மட்டும்தான் தெரியும். "இது என்னக்கா, போர்வைக்குள்ள கையை விட்டு மாடு விக்கிற மாதிரி" என்பான் தம்பி. ஆனாலும் ஐம்பது பெயர் வாங்கி ஒன்பது விற்றிருந்தாள். அந்த ஒன்பதில்தான் அந்த மாவைக் கலக்கும் இயந்திரமும் புது அலமாரியும் வந்தன.

நிழல்வீடு என்ற பெயர் ஏலத்துக்கு வந்தபோது அவளைத் தவிர யாரும் கேட்கவில்லை. வீடு கட்டி விற்கிற எவனாவது கொத்திக்கொண்டு போவான் என்று நினைத்து எடுத்தாள். அந்தப் பெயருக்கு யார் என்ன மின்னஞ்சல் அனுப்பினாலும் தன் பெட்டிக்கு வரும்படி செய்துவைத்தாள். வாங்க விரும்புகிறவர்கள் நேரடியாக எழுதுவார்கள், சந்தைக்காரனுக்குக் கமிஷன் மிச்சம் என்ற கணக்கு.

இரண்டு வாரம் குப்பைதான் வந்தது. மூன்றாவது வாரம், ஒரு காலை, கையில் மாவோடு பெட்டியைத் திறந்தாள்.

"அக்கா, நான் சொன்ன ஊருக்கே வந்து சேந்துட்டேன். தையல் கம்பெனில வேலை கெடச்சிருக்கு. பாப்பாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். நீங்க வச்சிருக்குற சர்ட்டிபிகேட் நகலை மட்டும் அனுப்புங்க. விலாசம் கீழ எழுதியிருக்கேன். அவருக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது."

கீழே கதவிலக்கத்தோடு முழு விலாசம்.

பல்லக்கா இரண்டு முறை படித்தாள். பிறகு அந்தப் பெயரின் பழைய பக்கங்களை இணையத்தில் தேடி எடுத்துப் பார்த்தாள். நிழல்வீடு என்பது வீடு விற்கிற கம்பெனி இல்லை. அடி உதை தாங்காமல் வெளியேறிய பெண்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற இல்லம். அதை மூடிவிட்டு வேறொரு பெரிய இல்லத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். பெயரை மட்டும் புதுப்பிக்காமல் நடுத்தெருவில் விட்டிருந்தார்கள்.

"ஊர் வம்பை விலைக்கு வாங்கிட்டியேக்கா" என்றான் தம்பி.

"இந்தக் கடுதாசி இல்லத்துக்குப் போகல, தெரியாதவங்க கைக்கு வந்திருக்கு, இனிமே இதுக்கு எழுதாதீங்க" என்று அந்தப் பெண்ணுக்குப் பதில் போட்டாள் பல்லக்கா. பதில் இல்லை. பயந்திருப்பாள். யாராயிருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள்.

அந்தப் பெயரைச் சந்தையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அன்று மூன்று செட் கொடுத்தாக வேண்டிய நாள், மறந்துவிட்டாள். மறுநாள் ஒரு எண் வந்து நின்றது. 

"நிழல்வீடு எனக்கு வேணும். வாங்கினா அதுக்கு வர்ற மெயில் எல்லாம் எனக்கு வருமா?"

நாலு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பெயர் வாங்குகிறவர்கள் பெயரைப் பற்றித்தான் கேட்பார்கள். அவள் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது.

"பழசும் சேத்துத் தருவீங்களா? போன மாசம் ஒரு பொம்பளை எழுதியிருப்பா."

பல்லக்காவின் முதுகில் ஈரத்துணி பட்டதுபோல் இருந்தது. விற்பனைக்கு இல்லை என்று மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் சந்தையில் பழகிய புத்தி வேறு வழி சொல்லிக்கொடுத்தது. யானை விலை சொன்னால் ஓடிவிடுவான். போட்டிருந்த விலையைப் பத்து மடங்காக்கி அனுப்பினாள்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. திரையில் பச்சைப் பட்டை விரிந்தது. வாழ்த்துகள், உங்கள் பெயர் விற்றுவிட்டது. இரண்டு நாளுக்குள் வாங்கியவரிடம் ஒப்படைக்கவும்.

அதற்குமுன் அந்தப் பச்சைப் பட்டையை ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். ஒன்பது முறையும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். இந்த முறையும் கூப்பிட்டாள். வந்தவனுக்குப் பட்டையைக் காட்டாமல் அந்த ஆளின் கேள்விகளைக் காட்டினாள்.

சந்தையின் உதவிப் பிரிவுக்கு எழுதினாள். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது, நீங்கள் சொன்ன விலையை வாங்குபவர் ஏற்றதால் விற்பனை உறுதியாகிவிட்டது என்று பதில் வந்தது. இந்த ஆள் ஓடிப்போன ஒரு பெண்ணைத் தேடுகிறான், என் கையால் விலாசத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று எழுதினாள். உங்கள் கவலை எங்களுக்கு முக்கியம் என்று தொடங்கி, ஒப்படைக்காவிட்டால் கணக்கு மூடப்படும் என்று முடிந்தது அடுத்த பதில். மூன்றாவது முறை எழுதியபோது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

"போலீஸ்ல சொல்லலாமாக்கா?"

"என்னன்னு சொல்றதுடா? கேட்ட விலையைக் கொடுத்து ஒருத்தன் பேர் வாங்குறான்னா?"

மறுநாள் காலை, பழைய பக்கங்களில் கிடைத்த ஒரு தொலைபேசி எண்ணுக்கு அடித்தாள். இல்லத்தின் காப்பாளராக இருந்தவரின் எண். யாரும் எடுக்கவில்லை. விஷயத்தைச் சொல்லிக் குரல்செய்தி வைத்தாள்.

பகல் பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பழப்பை, நாற்பது வயதுக்காரர் ஒருவர்.

"பல் செட் பண்றது இங்கதானே?"

"டாக்டர் அனுப்பினாரா? அச்சு கொண்டாந்திருக்கீங்களா?"

"உக்காந்து பேசலாமா?"

அவர் சிரித்தார். முப்பத்திரண்டும் அவருடைய சொந்தப் பற்கள். ஒரு சொத்தை இல்லை, ஒரு இடைவெளி இல்லை. பல்லக்கா தன் தொழிலில் அப்படி ஒரு வரிசையை எப்போதாவதுதான் பார்த்திருக்கிறாள். பல் செட் தேவைப்படாத வாய். பார்த்தவுடனே வந்தவர் யாரென்று தெரிந்துவிட்டது.

அவர் நாற்காலியில் உட்காராமல் அலமாரியை ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தாடையை எடுத்துத் திறந்து மூடினார்.

"எவ்வளவு வாய் இருக்கு! ஆனா ஒண்ணும் பேசாது. நல்ல விஷயம்."

"வீடு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"விற்பனை ரசீதுல ரெண்டு பேர் விலாசமும் போட்டுத்தானே அனுப்புறாங்க. நீங்க பாக்கலியா?" பழப்பையை மேசையில் வைத்தார். "நான் கோவக்காரன் இல்லீங்க. வீட்டுக்காரி ஏதோ மனஸ்தாபத்துல பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா. அவ போன்ல இந்தப் பேர் இருந்துச்சு. பேரு என் கைக்கு வந்துட்டா, கூப்பிட்டுப் பேசிக் கூட்டிட்டு வந்துருவேன். நாளைக்கு மதியம் வரைக்கும் நேரம் இருக்கில்ல? உங்க தம்பி எந்த ரூட்ல ஓட்டுறார்?"

உள்ளறையில் ராத்திரி ஷிப்டு முடித்துவந்த தம்பியின் குறட்டை கேட்டது. அவரும் அதைக் கேட்டார். தாடையை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்தார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் கதவைத் தாழிட்டு, பழப்பையைக் கையால் தொடாமல் இடுக்கியால் தூக்கிக் குப்பையில் போட்டாள். கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்ததை அவள் பின்னால் தம்பியிடம் ஒப்புக்கொண்டாள். அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு வெறும் பெயரைக் கொடுக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

அப்போது போன் அடித்தது. காப்பாளர்.

"அம்மா, செய்தி கேட்டேன். ஒரு பொண்ணுன்னு நினைக்காதீங்க. அந்த மெயில் விலாசத்தை மனப்பாடமா வச்சிருக்கிறவங்க நாப்பது பேராவது இருப்பாங்க. வருஷத்துக்கு ஒருத்தி ரெண்டு பேர்தான் எழுதுவாங்க, அதனால யாரும் எழுதலன்னு ஆபீஸ்ல விட்டுட்டாங்க. என் தப்புதான். நான் கேட்டிருக்கணும்."

"இப்ப என்ன செய்யட்டும்?"

"பேரை எங்க கைக்கு மாத்திக் கொடுத்துருங்க. இன்னைக்கே. உங்க நஷ்டம் எனக்குத் தெரியும், ஈடுகட்ட எங்ககிட்ட வக்கில்ல."

பல்லக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெயரை மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை எடுத்து, போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். காப்பாளர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் நிழல்வீடு அவள் கையை விட்டுப் போனது. கடிதத்தையும் அனுப்பிவிட்டுத் தன் பெட்டியிலிருந்து அழித்தாள். தையல் கம்பெனிப் பெண்ணையும் பிள்ளையையும் அன்று மாலையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாக மறுநாள் காலை செய்தி வந்தது. எங்கே என்று அவளும் கேட்கவில்லை, காப்பாளரும் சொல்லவில்லை.

சந்தை சொன்ன சொல் தவறவில்லை. கெடு முடிந்ததும் கணக்கை மூடியது. மீதி நாற்பது பெயரை இனி அங்கே விற்க முடியாது. போலீஸுக்கும் போனார்கள். "மிரட்டினாரா?" என்று கேட்டார் எழுத்தர். "கும்பிட்டார்" என்றாள் பல்லக்கா. எழுத்தர் பேனாவை மூடிவிட்டார். தம்பி டிப்போவில் சொல்லி ரூட் மாற்றிக்கொண்டான். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார்கள்.

பழப்பையோடு வந்தவர் மறுபடி வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வராததுதான் அவளை உறுத்தியது. பத்து மடங்கு விலைக்கு ஒரு நிமிடத்தில் சம்மதித்த ஆள், போனால் போகிறது என்று விடுவானா?

ஒரு ஞாயிறு காலை, பழக்கதோஷத்தில், புதிதாகப் பதிவான பெயர்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் கண் நின்றது. நிழல்வீடு. ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் ஒன்று குறைவு.

தம்பியைக் கூப்பிட்டாள். "இங்கிலீஷ்ல நிழல்னு எழுதுடா."

அவன் எழுதினான். அவளும் எழுதினாள். இரண்டும் வேறுவேறு. அவன் ழவுக்கு இசட் எச் போட்டிருந்தான், அவள் எல் போட்டிருந்தாள். வீட்டுக்கு இரண்டு 'ஈ'யா, ஒரு 'ஐ'யா? டுவுக்கு டி மட்டுமா, டி எச்சா? பயத்தில், அவசரத்தில், அடுத்தவர் போனில் அடிக்கிற பெண் எதை அடிப்பாள்? தாளில் இருபத்தாறு விதம் வந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்கள். மூன்று ஏற்கெனவே போய்விட்டிருந்தன. மூன்றும் அந்த வாரம் பதிவானவை. மூன்றும் மின்னஞ்சல் வாங்கத் தயாராக இருந்தன.

காப்பாளரை அழைத்துச் சொன்னாள்.

"நாப்பது பேருக்கும் நான் சொல்லணும்" என்றார் காப்பாளர். "ஆனா பாதிப் பேரோட நம்பர் எங்கிட்ட இல்லம்மா. அவங்களாத்தான் எழுதுவாங்க."

"மிச்சத்தை நான் வாங்கிடுறேன், நீங்க ஆகவேண்டியதைப் பாருங்க" என்று சொல்லி வைத்தாள் பல்லக்கா.

பட்டியலில் நாலாவதை அடித்தாள். கிடைக்கும் என்று காட்டியது. அட்டையை எடுத்து எண்ணைப் போட்டு, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனாள். பக்கம் சுற்றிச் சுற்றி நின்றது. பிறகு, இந்தப் பெயர் சற்றுமுன் வேறொருவரால் பதிவு செய்யப்பட்டது என்றது.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு அறையில், இதே நேரத்தில், கும்பிட்டுவிட்டுப் போனவரும் இதே பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்ததை அடிக்கா" என்றான் தம்பி. "சீக்கிரம்."