மைக்கா தகட்டில் தங்கிய மூச்சு

1934-இல் விழுப்புரம் ஜங்ஷன் கூலி தேவசகாயத்தின் நாக்கு, எந்தச் சவுண்ட் பாக்ஸ் எந்த கிராமபோனைச் சேர்ந்தது என்று சொல்ல ஆரம்பித்தது. கேப்பை விலை சரிந்திருந்த வருஷம் அது. தலையில் ஒரு பயணியின் கிராமபோன் மெஷின், இரண்டு கையிலும் பெட்டி. மிஞ்சிய சவுண்ட் பாக்ஸைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். ஊசி செருகும் அந்த வட்டத் தலைகள் பலவற்றில் பெயரோ எண்ணோ இருக்காது. ஆனால் பாட்டுப் பிளேட் போடுமுன் எந்த வீட்டிலும் அதன் தூசியை வாயால் ஊதுவார்கள். ஊதிய மூச்சு, உள்ளே அதிர்ந்து பாடும் மைக்கா தகட்டின் பின்னால் தங்கிவிடும். தேவசகாயம் நக்கிப் பார்த்து மெஷினைச் சொல்வார், ஊதிய வாயையும் சொல்வார்.

ரயில்வே கேட் அருகே ரிப்பேர்க் கடை வைத்திருந்த வேங்கடேசன், கலந்துபோன சவுண்ட் பாக்ஸ்களை இனம் பிரிக்க அவரை வேலைக்கு அமர்த்தினார். கடைக்குள் அல்ல, வெளியே சாக்கடை ஓரத்தில். மெஷினுக்குச் சொந்தக்காரர்கள் சவுண்ட் பாக்ஸை அவர் கையில் மேலிருந்து போடுவார்கள். இலையில் வாங்கிக்கொண்டு போய், அவருடைய எச்சில் போகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். மைக்கா ஊறிப்போய்ப் பாட்டெல்லாம் ஜலதோஷம் பிடித்த குரலில் வரும். அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். தேவசகாயத்துக்கோ அவர்களுடைய சொத்தைப் பல்லும் புளித்த ஏப்பமும் நாக்கிலேயே நின்றன. வேப்பிலை மென்று துப்பினாலும் போகவில்லை. கூழ் வாய்க்குப் போனால் யாரோ ஒரு மிராசுதாரின் வாய் மணத்தது. ஏழு வருஷம் ஒருவேளைதான் சாப்பிட்டார், அதையும் பாதி வாந்தி எடுத்தார்.

அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்று. 1936-இல், எந்நேரமும் பச்சை மல்லாட்டைக் கடலை மெல்லும் அவருடைய இருபது வயது மகள் பொன்னி, திண்டிவனத்தில் சீனுவாசன் வீட்டுக்குச் சாணி அள்ளப் போனவள், அந்த வீட்டுக் கிணற்றில் மிதந்தாள். அவள் மாட்டுக்கொட்டாயைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை என்று சீனுவாசன் போலீஸிடம் சொன்னார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

1941 தை மாதம் அதே சீனுவாசன் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு சாக்கடை ஓரம் வந்து நின்றார். வீட்டில் மூன்று மெஷின்கள் இருந்தன. பெயரில்லாத இந்தச் சவுண்ட் பாக்ஸ் எதற்கென்று தெரியவில்லை. யாரிடம் கேட்கிறோம் என்பதும் அவருக்கு நினைவில்லை.

"ஏய், ஜல்தி நக்கிச் சொல்றா. நாளன்னிக்குப் பொண்ணு கல்யாணம்."

தேவசகாயம் நாக்கில் வைத்தார். முதலில் சாராயம், புகையிலை. அதற்கடியில் பச்சை மல்லாட்டை மென்ற ஒரு வாய். அழுது முடிக்கும் முன்பே ஊதச் சொன்னதால் ஊதிய மூச்சு. அவர் இன்னொரு முறை நக்கினார்.

"மாடி ரூம்பு மெஷினுதுங்க," என்றார். "எம் பொண்ணு பொன்னி ஊதியிருக்கா. கதவைச் சாத்திக்கினு ஊத வச்சிருக்கீங்க."

"எவடா பொன்னி? பேஜாரு புடிச்சவனே, குடுறா அதை!"

தேவசகாயம் சவுண்ட் பாக்ஸின் வளையத்தைத் திருகி, மைக்கா தகட்டை எடுத்து விழுங்கினார். தொண்டை கிழிந்தது.

"குடுக்க முடியாதுங்க. எங்க எச்சிலு உங்களுக்கு ஆவாதே."

"நாளைக்கு வேற மைக்கா மாட்டித் தர்றேங்க," என்றார் வேங்கடேசன், கடைக்குள்ளிருந்து சீனுவாசனைப் பார்த்து.

அன்றோடு தேவசகாயத்தின் நாக்கு அடங்கியது. கூழ் கூழாக இருந்தது. இரண்டு சட்டி குடித்தார். அவர் பெருமூச்சு விட்டால் பச்சை மல்லாட்டை வாசனை வரும். பிளாட்பாரத்துக் கூலிகள் ஒரு மாதம் அதைப் பற்றிக் கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை.

பொன்னியின் மூச்சு தேவசகாயத்தின் வயிற்றுக்குள் போன அன்றிலிருந்து சீனுவாசன் வீட்டில் எதை ஊதினாலும், பெருக்கினாலும் தூசி போகவில்லை. கல்யாணச் சாப்பாட்டில் விழுந்தது, வந்தவர்கள் தின்றார்கள். 1948-இல் அவர் இறந்தபோது மாடி அறையில் தூசி முழங்கால் அளவு இருந்தது. அதில் நடந்துபோய்ப் பிணத்தைத் தூக்கி வந்தவர்கள், சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் பொன்னி மிதந்த அந்தக் கிணற்றிலேயே தண்ணீர் இறைத்துக் கால் கழுவிக்கொண்டார்கள். அந்தத் தூசியை யாரும் ஊதிப் பார்க்கவில்லை.