மூடிய கைக்குள் குலவை

“சுண்ணாம்பா? உதட்டுக்கு உள்ளயா வச்சீங்க?”

“பாலுண்ணிக்கு எங்க ஊர்ல அதத்தான வைப்போம், டாக்டரம்மா. கழுத்துல இருந்தது அப்படித்தான் உதுந்துச்சு.”

“கழுத்தும் வாயும் ஒண்ணாக்கா? பாருங்க, வெந்துபோயிருக்கு.”

பல் டாக்டர் சிவரஞ்சனி கண்ணாடியை நீட்டினாள். பாண்டீஸ்வரி அதை வாங்கவில்லை. உதட்டின் உட்புறத்திலும் நாக்கு நுனியிலும் காலிஃபிளவரைக் கிள்ளி ஒட்டியதுபோல் முளைத்திருப்பதை அவள் தினமும் பார்ப்பவள்தான். செத்துப்போன புருஷனிடமிருந்து வந்த எச்.ஐ.வி.க்கு வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறாள். உடம்பு தேறிவிட்டது. இது மட்டும் போகவில்லை. மாத்திரை கொடுக்கிறவர்கள்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

“இது வைரஸால வர்ற மரு. மரத்துப்போக ஊசி போட்டு, சுட்டு எடுத்துருவேன். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பணும். திரும்ப முளைக்கலாம், முளைச்சா உடனே வாங்க. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க.”

“நாக்கு முன்ன மாதிரி சுழலுமா?”

“பேசலாம், சாப்பிடலாம். சுழட்டி என்னக்கா பண்ணப்போறீங்க?”

“கொலவ போடணும்.”

மம்சாபுரத்தில் முளைப்பாரி கிளம்பினால் முதல் குலவை பாண்டீஸ்வரியுடையதுதான். கல்யாணத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில் ஒரு திருவிழாவில் அவள் போட்ட குலவையைக் கேட்டு, லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தான், பின்னால் அவளுக்குப் புருஷனானவன். கூட்டத்துக்குள் புகுந்து அவளைக் கண்டுபிடித்து, “ஏட்டி, நாக்குல மணி கட்டியிருக்கியா?” என்றான். வெட்கம் தாங்காமல் அவள் இன்னும் உரக்கப் போட்டாள். மஞ்சள்தண்ணீரும் வேப்பிலையும் டீசலும் கலந்த அந்தச் சாயங்கால வாசனை இன்னும் அவள் மூக்கைவிட்டுப் போகவில்லை.

போன திருவிழாவில் நாக்கை அசைத்ததுமே மரு உரசி ரத்தம் கசிந்தது. யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது? வாயைக் கையால் மூடிக்கொண்டு, போடுவதுபோல் நின்றாள். மூடிய கைக்குள் நடப்பது யாருக்குத் தெரியப்போகிறது! ஆனால் நாத்தனார் கருத்தம்மாவின் காதுக்குத் தெரிந்துவிட்டது.

“என்னட்டி, கை மட்டும் ஆடுது, சத்தத்தக் காணோம்? நாக்க வாடகைக்கு விட்டுட்டியா?”

பெண்கள் சிரித்தார்கள். தொண்டைக்கட்டு என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

“புண்ணு ஆறினா சுழலும்னுதான் நினைக்கிறேன்,” என்றாள் சிவரஞ்சனி. “ஆனா நுனியில இருக்கே. சத்தியம் பண்ண முடியாதுக்கா.”

சிவரஞ்சனி ஊசியில் மருந்தை ஏற்றினாள். சாய்ந்திருந்த பாண்டீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, மரக்கதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ போட்டுக்கிடுதேன். ரத்தம் வந்தா வரட்டும். வெளிய ஆளுக இருக்காக... செத்த நேரம் அந்தக் கதவச் சாத்துவீகளா?”