விழுங்காத மாத்திரை

என் வீட்டுக்காரர் தையல்காரர். விரலில் ஊசி ஏறினால்கூட முகம் சுளிக்காத மனிதர், அன்று காலை பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷின் பக்கத்தில் சுருண்டு கிடந்தார்.

அவசரப் பிரிவு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "வயிறு மெத்துனுதான் இருக்கு. ஆனா இந்தக் கத்து கத்துறாரே!"

இவருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும் வியாதி. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அதைத்தான் டாக்டர் கேட்டார்.

"ஒழுங்கா சாப்பிடுறாராம்மா?"

"என் கையால குடுக்குறேன் சார். ஒரு நாள் தப்பினதில்ல," என்றேன். என் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்படியென்றால் ரத்தக் கட்டியாக இருக்காது, வாயுதான் என்று ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் துடித்தார். நான் நர்ஸைத் திட்டினேன். இவரையும் விடவில்லை. "கண்டதையும் தின்னா இப்படித்தான்!"

ஒரு மணிக்கு என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"திட்டாத. ரெண்டு வாரமா நான் அதை முழுங்கல. நாக்குக்கு அடியில வச்சிருந்து, நீ அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவேன்."

"அடப்பாவி மனுஷா, ஏன்?"

"ஊசி குத்தினா ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. தைக்கிறதெல்லாம் வெள்ளைச் சட்டை. மூணு சட்டையில கறை பட்டுடுச்சு. உன்கிட்ட சொன்னா ஆடித் தீர்த்துடுவியே."

ஆடித்தான் தீர்த்திருப்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் இவரல்லவா கெட்டார்!

ஓடினேன். சொன்னதும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஸ்கேனில் தெரிந்துவிட்டது: குடலுக்கு ரத்தம் போகும் குழாயில் கட்டி அடைத்திருந்தது.

"ரத்தம் போகலைன்னா குடல் அழுகிடும்மா. உடனே ஆபரேஷன். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்தார். "கட்டியை எடுத்துட்டோம். அழுகின குடலை வெட்டியாச்சு. மிச்சம் பிழைக்குமான்னு நாளைக்குத் திரும்பத் திறந்துதான் பாக்கணும். காலையிலயே தெரிஞ்சிருந்தா..."

உள்ளே விட்டார்கள். வாயில் குழாயோடு கிடந்தார். குனிந்து அவர் காதோரம் சொன்னேன். "இனிமே கத்த மாட்டேன்யா. எதுன்னாலும் சொல்லு. ஒரு வார்த்தை கத்த மாட்டேன். கண்ணைத் திற!"

நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, அவர் மயக்கத்துல இருக்கார். இப்படிக் கத்தாதீங்க."