முகம் மூழ்கும் நீச்சல்

சமையல் மேசையில் இருந்த தகரத் தொட்டிக்குள் என் கணவர் தெஜோ முகத்தை முக்கினார். பக்கத்தில் மாட்டிறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முற்றத்து நடையில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு ஒர்ஷோயா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி எடெல்கா, உன் வீட்டுக்காரர் இங்கயே ஒலிம்பிக் நடத்துறாரா?"

"ஆமா. டிக்கெட் வாங்கிட்டு வந்து பாரு."

டான்யூப் ஆற்றில் தலையை நிமிர்த்தி, முறுக்கிய மீசை நனையாமல் நீந்துவார் தெஜோ. அதற்கே புடாபெஸ்ட் கைதட்டும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அந்தத் தலையே அவரைக் கவிழ்த்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தியவர்கள் முந்திப் போய்விட்டார்கள். இப்போது அடுத்த ஒலிம்பிக், ஸ்டாக்ஹோமில். நூறு மீட்டருக்கு எங்கள் நாட்டிலிருந்து ஓர் ஆள்தான் போகலாம், ஞாயிறன்று தேர்வு. போட்டிக்கு நிற்கும் அலாதார் சட்டக் கல்லூரி மாணவன். இவருக்கு முப்பத்தொன்று.

தலையைத் தூக்கி மூச்சு வாங்கினார்.

"போதும்னு விட்டுடுங்களேன்" என்றேன்.

"மூச்சுக்குப் பயமில்ல எடெல்கா. முகத்த உள்ள வச்சா பக்கத்துல வர்றவன் தெரியல. அவனப் பாத்தாத்தான் எனக்கு வேகமே வரும்."

"லண்டன்ல பாத்தீங்களே. வந்துச்சா?"

முகம் மறுபடி தொட்டிக்குள் போனது.

ஞாயிறன்று மீசையை மழித்துவிட்டு வந்தார். வெந்நீர் ஊற்றுக் குளத்தின் விளிம்பில் நின்ற அலாதார் சிரித்தான்.

"மீசைய அடக்கம் பண்ணியாச்சா அண்ணே?"

"பண்ணியாச்சு தம்பி. பக்கத்துலயே உனக்கும் எடம் விட்டிருக்கேன்."

துப்பாக்கி வெடித்தது. மாடத்தில் நின்ற எனக்கு ஆவிக்கிடையே இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன. இடப்பக்கம் அலாதார். தெஜோ மூச்செடுக்க வலப்பக்கம்தான் திரும்பினார். கடைசித் திருப்பத்தில் அலாதார் ஒரு முழம் முன்னால் இருந்தான். தெஜோவின் தலை மெல்ல மேலே வந்தது, பழைய பழக்கம்.

"பாக்காதீங்க" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். கைப்பிடிக் கம்பி என் உள்ளங்கையில் அழுந்தியது.

நெற்றி தண்ணீருக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது. கைகள் நீண்டன, முழம் சாணாகியது. அப்போது அலாதார்தான் தலையைத் தூக்கி, இவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தான்.

சுவரோரம் நடுவர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்தபடி குனிந்தார். அவருக்குக் கீழே, கலங்கிய பச்சை நீரில், ஈரமான ஒரு பின்தலை யாரையும் பார்க்காமல் வந்துகொண்டிருந்தது.