நாற்பத்தாறு திறந்த வாய்கள்

நாற்பத்தாறு வாய்களைத் தன் கையாலேயே அடைத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் ஆபீஸுக்கே டீ வாங்கிக் கொடுத்த ஆள் பொம்மைக்காரர் ஒருவராகத்தான் இருப்பார்.

பொம்மைக்காரர் என்பது ஆபீஸ் வைத்த பெயர். பேச்சு வராத குழந்தைகளுக்கான செயலியில், 'ம' சொல்ல உதடு எப்படி ஒட்டும், 'ல' சொல்ல நாக்கு எங்கே தொடும் என்று அசைந்து காட்டும் நாற்பத்தாறு வாய்களை வரைந்தவர் அவர். எல்லாம் ஜிஃப் என்கிற பழைய வகை அசையும் படங்கள். யானைக் கனம், ஓரமெல்லாம் பிசிறு. புது முறையில் படமே வேண்டாம். கோடுகளின் கணக்கை அனுப்பினால் போனே வரைந்துகொள்ளும். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாற்றினார். அவருடைய புதுப் போனில் வெண்ணெயாய் வழுக்கியது. பழசையெல்லாம் நகல்கூட வைக்காமல் அழித்தார். குப்பைக்கு எவனாவது பூட்டுப் போடுவானா என்று வசனம் வேறு.

திங்கள் காலை, டீ கிளாஸ் காலியாவதற்குள், பேச்சுப் பயிற்சி நிலையத்து டீச்சரிடமிருந்து ஒரு படம் வந்தது. கீறல் விழுந்த பழைய போனில், ஆவென்று திறந்தபடி அசையாமல் ஒரு வாய். "எல்லாப் பிள்ளைங்க வீட்டுலயும் இப்படித்தான் சார் நிக்குது."

பழைய போன்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டு வரையத் தெரியவில்லை. பயிற்சி ஒரு வாரம் விட்டால் ஆறு மாத உழைப்பு போய்விடும் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். புதுக் கோடுகளை மறுபடி ஜிஃப் ஆக்கிப் பார்த்தார். நாக்கு பல்லைத் தாண்டிப் பிதுங்கியது. கையால் திருத்த ஒன்றுக்கு இரண்டு மணி நேரம்.

நிரல் எழுதும் பெண்ணிடம் ஓடினார். "தாயே, பழசா, புதுசா, இல்ல வீடியோவா? ஒரு வார்த்தை சொல்லு!"

"பாக்கணும்ண்ணே. போனைப் பொறுத்தது, நெட்டைப் பொறுத்தது."

"என் உசுரு?"

"அது மேனேஜரைப் பொறுத்தது."

மேனேஜரோ, "ரெண்டுலயும் நல்லது இருக்கு, ரெண்டுலயும் கெட்டது இருக்கு" என்று மதில்மேல் பூனையாகி, மீட்டிங் போட்டார். மீட்டிங்கில் இன்னொரு மீட்டிங் முடிவானது.

மத்தியானத்துக்குள் ஒரே ஒரு நாக்கைத்தான் உள்ளே தள்ள முடிந்தது. கடைசியில் டீச்சருக்கே போன் போட்டு, கனம், பிசிறு, வேகம் என்று மூச்சுவிடாமல் கொட்டினார்.

"சார், நிறுத்துங்க. பிள்ளைங்க கையில இருக்கறது அம்மாவோட பழைய போன். அதுல அசையணும். பிசிறு இருந்தா இருக்கட்டும். பழைய மாதிரியே திரும்பப் பண்ணிப் போடுங்க. நாளைக்குக் காலைல 'ம'வும் 'ப'வும் வேணும், மத்தது ஒண்ணொண்ணா வரட்டும்."

"என் மேல கோபமா டீச்சர்?"

"ஆமா சார். ரொம்ப."