கயிற்றை அறுப்பவள்

சிவப்புப் பொத்தான் மீது என் உள்ளங்கை இருந்தது. அழுத்தினால், கயிற்றைச் சுற்றும் விஞ்ச் வண்டியில் பொருத்திய கத்தி கயிற்றை அறுத்துவிடும். கயிற்றின் மறுமுனையில், என் நாத்தனார் தைத்த பெரிய பட்டம் வானத்தில் எட்டு போட்டுக்கொண்டிருந்தது. அது இழுக்க இழுக்க உருளை சுழலும், சுழன்றால் மின்சாரம். விமானங்கள் வருவது நின்றுபோன இந்த ஓடுதளத்தில் இது அவளுடைய மூன்றாவது பட்டம். இதுவும் கிழிந்தால் அவள் நிறுவனம் கடையைக் கட்டிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பொத்தான்கிட்ட உக்கார நீங்கதான் சரி அண்ணி," என்று அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். "எங்க ஆளுங்க பட்டத்தைப் பாத்து மயங்கிடுவாங்க. நீங்க இரக்கமே இல்லாம அறுப்பீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பள்ளி விடுமுறையில் உதவிக்கு வந்த கணக்கு டீச்சரான எனக்கு அது பாராட்டா, குத்தலா? எங்கள் வீட்டு முன்னறையை மூன்று வருடங்களாக அந்தப் பட்டத்துணி அடைத்துக்கொண்டிருந்தது. சோபாவைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டோம். என் கணவர் தங்கையை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை. திறக்காத வாயும் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

விதி எளிது. திரையில் இழுவிசை சிவப்புக்குப் போனால் அறுக்க வேண்டும். கயிற்றுக்கடியில் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் ஆள் வந்தாலும் அறுக்க வேண்டும். வேறு எதற்கும் கூடாது.

மதியம் காற்று திசை மாறியது. விஞ்ச் வண்டியை ஓடுதளத்தின் மறுகோடிக்கு நகர்த்தி, மஞ்சள் கோட்டையும் புதிதாகப் போட்டுப் பட்டத்தை ஏற்றினோம். சற்று நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது. அதே ஓடுதளத்தில் ட்ரோன் பறக்கவிடும் பக்கத்துக் குழுவின் ஓட்டி. ஒல்லி உடம்பும் பெரிய கண்ணாடியுமாக இருப்பதால் நாத்தனார் அவனுக்கு வைத்த பெயர் தும்பி.

"அக்கா, சிக்னல் போச்சு. ட்ரோன் தானா வீட்டுக்குத் திரும்புது."

"திரும்பட்டுமே. ஆரத்தி எடுக்கணுமா?" என்றாள் நாத்தனார்.

"வீடுன்னு காலையில பதிச்ச இடம்... இப்ப உங்க விஞ்ச் நிக்குதே, அதுதான். மாத்த மறந்துட்டேன்."

தூரத்தில் ஒரு கரும்புள்ளி நேர்க்கோட்டில் வந்துகொண்டிருந்தது. வழியில், சாய்ந்து விறைத்து நின்றது எங்கள் கயிறு. ட்ரோனின் விசிறி பட்டால் போதும், கயிறு அறுந்துவிடும். முதல் பட்டத்தின் கயிறு நடுவில் தெறித்துச் சாட்டையாக அடித்த தழும்பு, ஓடுதளத்து சிமெண்டில் இன்னும் இருக்கிறது. எனக்காவது சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு; மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

"அண்ணி, அறுக்காதீங்க. பட்டத்தை இறக்கிடறேன். கொஞ்சம் பொறுங்க."

உருளை பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தது. போதாது. புள்ளிக்கு இப்போது நான்கு கைகள் தெரிந்தன.

அப்போது தும்பி ஓடினான். ரிமோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு நேர் கீழே.

"கிட்ட போனா சிக்னல் கிடைச்சுரும்!"

"டேய், வெளிய வாடா!" நாத்தனாரின் குரல் உடைந்தது. "அவன் ஓடிடுவான் அண்ணி. கெஞ்சிக் கேக்கறேன், அறுக்காதீங்க!"

அவள் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

அழுத்தினேன்.

கயிற்றின் முனை விருட்டென்று மேலே போயிற்று. உருளை ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. பட்டம் மடிந்து, உருண்டு, காற்றோடு போய் முள்கம்பி வேலியில் விழுந்தது. கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. ட்ரோன், பள்ளி விட்டு வரும் குழந்தை போல, தும்பியின் தலைக்கு மேலாக வந்து என் கூண்டருகே இறங்கியது. கயிறு இருந்திருந்தால் பட்டிருக்குமா? இனி யாராலும் சொல்ல முடியாது.

நாத்தனார் பட்டத்திடம் போகவில்லை. என்னிடம் வந்தாள்.

"திரையில என்ன இருந்துச்சு?"

"பச்சை. தும்பி கோட்டுக்குள்ள வந்துட்டான்."

"தெரியும். அதைக் கேக்கல." கம்பிவலையைப் பற்றிய அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "அறுந்தப்ப உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சா?"

மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தும்பியின் கால் முதலில் கோட்டைத் தாண்டியது. பிறகுதான் என் கை. அதில் சந்தேகமில்லை. ஆனால் கயிறு போன கணத்தில் எங்கள் முன்னறை எனக்குத் தெரிந்தது. துணி இல்லாமல், தரையில் ஜன்னல் வெளிச்சத்தோடு.

"இருந்துச்சு," என்றேன். "ஒரு நொடி."

அவள் என்னையே பார்த்தாள். பின்னால் தும்பி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, செத்தாலும் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன்."

வேலியை நோக்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே சொன்னாள்.

"முள்ளுல மாட்டிக் கிடக்கு. ஒருத்தியா எடுக்க முடியாது. வாங்க."

எழுந்தபோதுதான் கவனித்தேன். என் கை இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.